தாமஸ் மன்றோவும் மாங்காட்டு மிராசும்

மாங்காட்டில் இன்று அரைக் கிரவுண்டு மனை வாங்குகின்ற ஒருவர், பத்திரப் பதிவு முடிந்த பின்னும் நிலம் முழுவதுமாகத் தம் கைக்கு வந்துவிட்டதாக எண்ணுவதில்லை. குன்றத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா தம் பெயருக்கு மாறி, வருவாய்க் கணக்குகளிலும் அந்தப் பெயர் ஏறிய பிறகே அவர் மனம் அமைதி கொள்கிறது. நிலத்துக்கும் அரசுக்கும் இடையே வேறு எவரும் நில்லாமல், ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயரும் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு தீர்வையும் எழுதப்பட வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, 1820 ஜூன் முதல் 1827 ஜூலை வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவின் பெயரோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. பட்டா என்ற ஆவணத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு முன்பே நவாபுகளின் ஆட்சியிலும் வழங்கியது. தனித்தனிக் குடியானவரை அரசோடு நேரடியாக இணைக்கும் கருவியாக அதை மாகாணம் முழுவதற்கும் பொதுவாக்கிய முறைக்கு, அதாவது ரயத்துவாரி முறைக்கு, வாதாடி வெற்றி பெற்றவர் அவர். குடியானவரின் நண்பர் என்று அவர் பெற்ற புகழ் பெரும்பாலும் பாராமகாலின் புன்செய்களிலும் இராயலசீமையின் கரிசல்களிலும் விளைந்தது. ஏரிப் பாசனமும் காணியாட்சி மரபும் வேரூன்றிய தொண்டை மண்டலத்துக்கு அவருடைய முறை வந்தபோது குடியானவர் யார் என்ற கேள்விக்கு அத்தனை எளிய விடை கிடைக்கவில்லை என்பதையும், அங்கே எழுதப்பட்ட விடையில் வயலில் இறங்கி உழைத்தவர்களின் பெயர் விடுபட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அவருடைய வாழ்வை மதிப்பிட இயலாது.

மன்றோ வகித்த பதவியின் தன்மையை முதலில் விளக்கிவிட வேண்டும். அதே காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆளுநர் இருந்தார். வாக்குரிமை பெரும்பாலும் வெள்ளையின ஆண்களோடு நின்றுவிட்ட போதிலும், அவர் அந்த மண்ணின் மக்களில் ஒரு பகுதியினராலேனும், நேரடியாகவோ அவர்கள் தேர்ந்த சட்டமன்றத்தின் வழியாகவோ தேர்ந்தெடுக்கப்பட்டார், சட்டமன்றத்துக்குப் பதில் சொன்னார். சென்னை ஆளுநரோ லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களால் நியமிக்கப்பட்டவர். ஒரு சிறு ஆலோசனைக் குழுவின் துணையோடு, ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களை, அவர்களில் ஒருவருடைய ஒப்புதலையும் கேளாமல் ஆண்டவர். கப்பலில் சென்று திரும்பப் பல மாதங்கள் பிடித்த கடிதங்களே அவர் மீதிருந்த கட்டுப்பாடு. இந்த இரண்டு உலகங்களும் மன்றோவின் குடும்பத்திலேயே ஒருமுறை மோதிக்கொண்டன. 1761 மே 27 அன்று கிளாஸ்கோ நகரில் மன்றோ பிறந்தார். அவருடைய தந்தை அலெக்சாண்டர் மன்றோ, வர்ஜீனியாவின் புகையிலை வாணிகத்தில் பொருள் ஈட்டியவர்; அமெரிக்க விடுதலைப் போர் அந்த வாணிகத்தைக் குலைத்து அவரை வறுமைக்குத் தள்ளியதால், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்த மகன் கம்பெனிப் படையில் சேர்ந்து கடல் கடக்க நேர்ந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே ஏற்றபோது சிதைந்த ஒரு வீட்டின் பிள்ளைதான், தன்னாட்சி இல்லாத ஒரு நாட்டை ஆளும் முறையை வகுக்க வந்தார்.

1780 ஜனவரியில் சென்னையில் இறங்கிய அந்தப் பதினெட்டு வயது இளைஞர் முதலில் பார்த்த போர், பின்னாளில் அவருடைய நிலத் திட்டத்துக்கு மிகக் கடினமான சோதனையாக அமைந்த அதே செங்கற்பட்டுச் சீமையில் நடந்தது. பூந்தமல்லிப் பகுதி 1750-இலும் அதைச் சூழ்ந்த பெருநிலப்பரப்பு 1763-இலும் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து கம்பெனிக்கு வந்திருந்தன. இந்தப் பரப்பே ‘ஜாகீர்’ என வழங்கியது. ஜாகீர் என்பது, வரும் வருவாயை அனுபவித்துக்கொள்ளுமாறு ஓர் ஆட்சியாளர் மற்றொருவருக்கு விட்டுக்கொடுக்கும் நிலம். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை இந்தச் சீமைக்குள் புகுந்து பரங்கிமலையின் சுற்றுப்புறம் வரை சூறையாடியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே கர்னல் பெய்லியின் படை அழிக்கப்பட்டது. அதற்கு உதவி செய்யத் தவறிய ஹெக்டர் மன்றோவின் சேனை, கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கியது. அந்தச் சேனையில் ஒருவராக நடந்தவர் இளைய மன்றோ. சேனாதிபதியோடு அவருக்கு நெருங்கிய உறவு ஏதும் இல்லை. ஊர்கள் வெறிச்சோடி, ஏரிக் கரைகள் உடைந்து, உழுவதற்கு மாடுகளும் ஆட்களும் இன்றி ஜாகீர் கிடந்த கிடை நெடுங்காலம் ஆறவில்லை.

மாங்காடு இந்தச் சீமையின் பழைய ஊர்களில் ஒன்று. சோழர் காலத்து நாட்டுப் பிரிவுகளின்படி தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகவும், கோட்டம் ஒவ்வொன்றும் பல நாடுகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது. புலியூர்க் கோட்டத்தில் சேக்கிழார் பிறந்த குன்றத்தூரைப் போலவே மாங்காடும் ஒரு நாட்டுக்குப் பெயர் தந்த ஊர். ஐந்து தீயின் நடுவே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்ததாகப் போற்றப்படும் காமாட்சியின் கோயிலும், சுக்கிரன் கண்ணொளி பெற்றதாகச் சொல்லப்படும் வெள்ளீசுவரர் கோயிலும், வைகுண்டப் பெருமாள் கோயிலும் ஊரின் தொன்மையைக் காட்டுகின்றன. எனினும் நில வரலாற்றுக்குக் கோயில்களைவிட முக்கியமானவை சுற்றிலும் இருந்த ஏரிகள். மேற்கே பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியும் சிற்றேரிகளும் இல்லாமல் இந்தப் பகுதியில் நன்செய், அதாவது தேக்கிய நீரில் நெல் விளையும் நிலம், கிடையாது. ஏரியின் கரையும் மதகும் கலங்கும் பலர் சேர்ந்து பேணினால்தான் நிற்கும். ஆகவே நிலமும் பலர் சேர்ந்து ஆளும் பங்காகவே அமைந்தது.

அந்தப் பங்குரிமைக்குக் காணியாட்சி என்று பெயர். முகலாய ஆட்சியின் சொற்கள் பரவிய பின் அது ‘மிராசு’ என்றும், அதை உடையவர் மிராசுதாரர் என்றும் வழங்கலாயினர். தொண்டை மண்டலத்தில் பெரும்பாலும் வேளாளரும், பிராமண ஊர்களில் பிராமணரும் மிராசுதாரராக இருந்தனர். மிராசு ஒரு குறிப்பிட்ட வயலின் மேல் உள்ள உரிமை மட்டும் அன்று. ஊர் முழுவதிலும் இத்தனையில் ஒரு பங்கு என்ற உரிமை. சில ஊர்களில் பங்குதாரர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை வயல்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டனர், அது பசுங்கரை. வேறு ஊர்களில் பங்குகள் ஒரேயடியாகப் பிரிக்கப்பட்டன, அது அருதிக்கரை. பங்குதாரருக்கு வரியில்லாத மானியம் இருந்தது. களத்தில் குவிந்த நெல்லை அரசின் மேல்வாரமாகவும் உழுதவரின் குடிவாரமாகவும் பிரிக்கும் முன்பே களவாசம் முதலிய சுதந்திரங்கள் அவருக்கு அளக்கப்பட்டன. தச்சர், கொல்லர், வண்ணார், நீர்பாய்ச்சும் வெட்டியான் ஆகியோருக்கு மேரை என்னும் பங்கு அதே களத்திலிருந்து சென்றது. மிராசு இல்லாமல் குத்தகைக்குப் பயிரிட்டவர் பாயக்காரி. ஊரிலேயே குடியிருந்து தலைமுறையாக உழுதவர் உள்குடிப் பாயக்காரி, வெளியூரிலிருந்து வந்து உழுதவர் பரகுடிப் பாயக்காரி. இந்த வரிசையின் கடைசியில், பங்கும் இல்லாமல் குத்தகையும் இல்லாமல், பண்ணையாளாகவும் படியாளாகவும் மிராசுதாரரோடு கட்டுண்டு, நாற்று நட்டும் களை எடுத்தும் அறுத்தும் அடித்தும் அந்த நெல்லை உண்டாக்கியவர்கள் சேரியில் வாழ்ந்த பறையர் சமூகத்தார். ஜாகீரின் வேளாண்மை அவர்கள் கையில் இருந்தது என்பது அக்காலத்துக் கம்பெனி அதிகாரிகள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

போருக்குப் பின் இந்தச் சீமையைச் சீர்ப்படுத்த வந்த கலெக்டர்களில் லயோனல் பிளேஸ் குறிப்பிடத்தக்கவர். 1794 முதல் 1798 வரை இங்கே பணியாற்றிய அவர் ஏரிகளைச் செப்பனிட்டார், பங்குகளைக் கணக்கெடுத்தார், அரசின் பங்கை உயர்த்தினார். வரியை ஏற்க மறுத்த பூந்தமல்லிப் பகுதி மிராசுதாரர்களோடு அவர் நடத்திய போராட்டம், மிராசு என்பது ஏட்டில் எழுதிய உரிமையாக மட்டும் இல்லாமல், ஊரை விட்டு வெளியேறியேனும் காத்துக்கொள்ள வேண்டிய உரிமையாகக் கருதப்பட்டது என்பதை உணர்த்துகிறது. பிளேஸ் சென்ற சில ஆண்டுகளில், வங்காளத்தில் காரன்வாலிஸ் ஏற்படுத்திய நிரந்தர ஜமீன் முறை ஜாகீரின் மேல் சுமத்தப்பட்டது. 1802-இல் சீமை 60-க்கும் மேற்பட்ட மிட்டாக்களாக, அதாவது ஏலத்தில் விற்கக்கூடிய சிறு ஜமீன்களாக வெட்டப்பட்டு, பணம் கொடுத்தவர்களுக்கு விற்கப்பட்டது. ஊரையே அறியாத ஏலதாரர்கள் மிராசுதாரருக்கு மேலே அமர்த்தப்பட்ட இந்த ஏற்பாடு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. மிட்டாக்களில் பல நிலுவைக்காக அரசுக்கே திரும்பின. அதன் பின் ஊரை மொத்தமாகச் சில ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடும் முறை வந்தது. ஒரே தலைமுறைக் காலத்துக்குள் மாங்காடு போன்ற ஊர்கள் நவாபின் குத்தகைக்காரர், கம்பெனிக் கலெக்டர், மிட்டாதார், ஊர்க்குத்தகை என்று இத்தனை எசமானர்களைக் கண்டுவிட்டன.

இதே ஆண்டுகளில் மன்றோ வேறு விதமான நிலத்தில் வேறு விதமான பாடம் கற்றுக்கொண்டிருந்தார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற பாராமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளை, நிர்வகிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்குத் துணையாக அனுப்பப்பட்ட இராணுவ அதிகாரிகளில் அவர் ஒருவர். அங்கே ஏழு ஆண்டுகள் குதிரையின் மேலும் கூடாரத்திலும் வாழ்ந்து, ஊர் ஊராகச் சென்று, குடியானவர்களோடு பேசி, ஒவ்வொருவரும் உழும் நிலத்தை அளந்து தரம் பிரித்துத் தீர்வை கட்டும் முறையை ரீடோடு சேர்ந்து உருவாக்கினார். அங்கே பெரும்பகுதி மானாவாரிப் புன்செய். தன் ஏரையும் தன் குடும்பத்தின் உழைப்பையும் கொண்டு பயிரிடும் சிறு உழவனே கண்ணுக்குத் தெரிந்த குடி. 1799-இல் கன்னட நாட்டுக் கடற்கரைக்கும், 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களான பல்லாரி, அனந்தபூர், கடப்பை, கர்நூல் பகுதிகளுக்கும் அவர் அனுப்பப்பட்டார். அந்த மாவட்டங்களில் 33 அடிச் சங்கிலியால் ஊர் நிலம் முழுவதும் அளக்கப்பட்டது. சங்கிலியின் நீளமும் அகலமும் கொண்ட சதுரம் ஒரு குண்டா, 40 குண்டா ஓர் ஏக்கர். ஆயினும் மன்றோவின் நேர்மை வெளிப்படும் இடம் அளவையில் இல்லை. 1807-இல் அந்த மாவட்டங்களை விட்டுச் செல்லும்போது, தாமே கட்டிய தீர்வை மிகுதி என்று ஒப்புக்கொண்டு, அதில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்றும், கிணறு, ஏரிப் பாசன நிலங்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும் என்றும், விரும்பாத நிலத்தை விட்டுவிடவும் விரும்பிய நிலத்தை எடுத்துக்கொள்ளவும் குடியானவருக்கு உரிமை வேண்டும் என்றும் அவர் எழுதினார். தம் பெயருக்குப் புகழ் சேர்த்த வருவாயைத் தாமே குறைக்கச் சொல்லும் துணிவு அந்தக் கம்பெனியில் அரிதாகவே காணப்பட்டது.

மேலிடம் உடனே செவிசாய்க்கவில்லை. விடுப்பில் இங்கிலாந்து சென்ற மன்றோ, கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிப்பது குறித்து நாடாளுமன்றம் நடத்திய விசாரணையில் சாட்சியம் அளித்தார். 1812-இல் வெளிவந்த ஐந்தாம் அறிக்கை நிரந்தர ஜமீன் முறையின் குறைகளை வெளிச்சமிட்டது. இயக்குநர்களின் மனம் ரயத்துவாரியின் பக்கம் திரும்பியது. 1814-இல் நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகச் சென்னைக்குத் திரும்பிய அவருடைய முயற்சியால் 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் பிறந்தன: கிராம முன்சீபு சிறு வழக்குகளைத் தீர்க்கலாம், பஞ்சாயத்துகள் வழக்கு விசாரிக்கலாம், மணியக்காரர் ஊர்க்காவலுக்குப் பொறுப்பாவார், மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரமும் காவல் துறையும் நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாறும். மூன்றாம் மராத்தியப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றியபின் மீண்டும் இங்கிலாந்து சென்றவர், 1820 ஜூன் மாதம் ஆளுநராகப் பதவியேற்றார். குறைந்த தீர்வையும் நிலத்தை விட்டுவிடும் உரிமையும் சேர்ந்த திருத்திய ரயத்துவாரி, ஜமீன்கள் நிலைத்துவிட்ட பகுதிகள் நீங்கலாக, மாகாணத்தின் பொது முறையாயிற்று. 1802-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஜமீன்தாருக்கு நிலத்தைக் கொடுத்தபோது குடிகளின் பழைய உரிமைகளைப் பறிக்கவில்லை என்று தெளிவுபடுத்திய 1822-ஆம் ஆண்டின் நான்காம் ஒழுங்குமுறைச் சட்டமும் அவர் காலத்தது.

இந்த முறை ஜாகீருக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ரயத்துவாரி ஒரு வயலுக்கு ஒரு பெயரைக் கேட்டது; மிராசு ஊருக்குப் பல பங்குகளைக் காட்டியது. மிராசின் தன்மையைப் பற்றி இதற்கு முன்பே ஆழ்ந்து ஆராய்ந்தவர் சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ்ப் புலவர்களோடு பழகித் தம்மை எல்லீசன் என்று அழைத்துக்கொண்ட அவர், தம் அலுவலக அதிகாரியான சங்கரய்யாவின் துணையோடு எழுதி 1818-இல் வெளியான விரிவான விளக்கத்தில், காணியாட்சி என்பது தொன்மையான தனியார் நிலவுடைமை என்று நிறுவ முயன்றார். ஆதொண்டைச் சோழன் காடு திருத்தி வேளாளரைக் குடியேற்றிய கதையும் அந்த வாதத்தில் இடம்பெற்றது. எல்லிஸ் 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்துவிட்டார். மன்றோ 1824 டிசம்பர் 31 அன்று எழுதிய நீண்ட குறிப்பில், நாட்டின் நிலையையும் மக்களின் வாழ்வையும் ஆராய்ந்த போது, மிராசையும் விரிவாக எடுத்துப் பேசினார். குடியேற்றக் கதையை ஐயத்தோடு நோக்கினார். ஊரின் தரிசு நிலம் முழுவதும் தங்களுக்கே உரியது என்ற மிராசுதாரரின் கோரிக்கையை எல்லிஸ் கண்ட அளவுக்கு ஏற்கவில்லை. இருவரில் எல்லிஸே தமிழறிந்தவர், ஏடுகளைத் தேடியவர்; ஆயினும் மிராசுதாரரின் ஏட்டை ஊரின் ஏடாகக் கொண்டுவிட்ட குறை அவரிடம் உண்டு. மன்றோ தமிழ் மரபைக் குறைவாகவே அறிந்தவர். ஆயினும் தரிசு பற்றிய அவருடைய ஐயம் பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது தக்க ஐயமாகவே தோன்றுகிறது.

நடைமுறையில் வென்றது மிராசுதான். பட்டா மிராசுதாரரின் பெயரில் எழுதப்பட்டது. உள்குடிப் பாயக்காரிகளில் சிலர் காலப்போக்கில் தங்கள் பெயரையும் ஏற்றிக்கொண்டனர். சேரியின் பெயர் எங்கும் ஏறவில்லை. மன்றோ பதவியேற்பதற்கு முந்திய ஆண்டில், 1819-இல், வருவாய் வாரியம் வேளாண் அடிமைமுறையைப் பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டுப் பெற்றிருந்தது. தமிழ் மாவட்டங்களில் நிலத்தோடு மனிதரும் கைமாறும் வழக்கம் அரசின் ஆவணங்களிலேயே பதிவாகியிருந்தது. குடியானவரின் துயரை இத்தனை நுட்பமாக உணர்ந்த ஆளுநர், அந்தக் குடியானவருக்குக் கட்டுண்டு கிடந்தவரின் துயரைத் தம் ஏழாண்டு ஆட்சியில் சட்டத்தால் தீண்டவில்லை. அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் 1843-இல்தான் வந்தது, அதுவும் கல்கத்தாவிலிருந்து. புன்செய் நாட்டில் உருவான மன்றோவின் கண்ணுக்கு உழுபவனும் நிலமுடையவனும் ஒருவனாகவே தெரிந்தனர் என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம்; ஆனால் விளக்கம் மன்னிப்பு ஆகாது, ஏனெனில் ஜாகீரின் நிலைமை அவருக்குத் தெரியாதது அன்று.

அந்த விடுபட்ட பெயரின் விளைவு நூற்றாண்டின் இறுதி வரை நீண்டது. தரிசு நிலம் வேண்டி அரசுக்கு விண்ணப்பம் செய்வதற்குத் தர்க்காஸ்து என்று பெயர்; யாராவது தர்க்காஸ்து கொடுத்தால், அந்த ஊரின் மிராசுதாரருக்கும் அவருக்குப் பின் பழைய பட்டாதாரருக்கும் முன்னுரிமை தந்த பிறகே மற்றவரின் விண்ணப்பம் பார்க்கப்படும் என்ற விதி செங்கற்பட்டு மாவட்டத்தில் நிலவியது. சேரியைச் சேர்ந்த ஒருவர் கரம்பைத் திருத்திக்கொள்ள முன்வந்தால், உழ விருப்பமே இல்லாத மிராசுதாரர் தம் முன்னுரிமையைக் காட்டி அதைத் தடுத்துவிடலாம். சேரி மக்கள் குடிசை போட்டிருந்த மனையும் தம்முடையதே என்று சொல்லி அவர்களை வெளியேற்றுவதாக அச்சுறுத்தலாம். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்கீர் பறையர்களின் நிலைமை குறித்து அனுப்பிய அறிக்கை இந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான 1010, 1010-அ எண்ணுள்ள அரசாணைகளின் வழியே ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் திட்டம் பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று அறியப்படுவது அதுவே. ரயத்துவாரி தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே, அந்த முறை யாரைக் குடியாக எண்ணவில்லையோ அவர்களுக்கும் ஒரு பட்டா வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்டது. பிற்காலத்தில் அந்த நிலங்களில் பெரும்பகுதி வேறு கைகளுக்குப் போனதும், அவற்றை மீட்கக் கோரி 1994-இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் தொடங்கிய போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும் அண்மைக்கால வரலாறு.

மன்றோவின் மற்றொரு மரபு, கலெக்டரிடமும் அவருக்குக் கீழுள்ள தாசில்தாரிடமும் வருவாயையும் காவலையும் ஒன்றாகக் குவித்தது. ஊரை அறிந்த ஒரே அதிகாரி குடியின் குறையையும் விரைந்து தீர்ப்பார் என்பது அவர் நம்பிக்கை. அவரைப் போன்ற கலெக்டர்கள் இருந்த இடத்தில் அது ஓரளவு பலித்திருக்கவும் கூடும். ஆனால் தீர்வை கேட்பவரும் கைது செய்பவரும் ஒருவரே ஆனபோது, நிலுவைக்காகக் குடிகளை வெயிலில் குனிய வைத்து நிறுத்துவதும், விரல்களைக் கிட்டியில் நெரிப்பதும் வழக்கமாயின. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852-இல் நிறுவிய சென்னைச் சுதேசிகள் சங்கம் இந்தக் கொடுமைகளை லண்டன் வரை எடுத்துச் சென்றது. 1855-இல் அறிக்கை தந்த சித்திரவதை விசாரணைக் குழு, வரி வசூலில் சித்திரவதை பரவலாக இருந்ததை உறுதிசெய்தது. 1859-இல் காவல் துறை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. மன்றோ 1816-இல் இணைத்ததை அரசே பிரிக்க வேண்டியதாயிற்று.

கல்வியைப் பற்றி அவர் செய்த பணிக்கு வேறு அளவுகோல் வேண்டும். 1822 ஜூன் 25 அன்று எழுதிய குறிப்பின் வழியே, ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள பள்ளிகள், மாணவர்களின் சாதி, படிக்கும் நூல்கள் ஆகியவற்றைத் திரட்டுமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். நான்கு ஆண்டுகளில் வந்துசேர்ந்த விவரங்களை 1826 மார்ச்சில் தொகுத்தபோது, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரிந்தது. வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் பள்ளி வயது ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கற்றதாக அவர் கணித்தார். திண்ணைப் பள்ளிகளை நாட்டின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டாமல், எண்ணிப் பார்க்க வேண்டிய நிறுவனங்களாக ஓர் ஆளுநர் மதித்ததால்தான், அவை மறைந்த பின்னும் அவற்றின் உருவம் நமக்கு எஞ்சியிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஆய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களைத் திரட்டி 1983-இல் நூலாக வெளியிட்டபோது, தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருந்ததும், பெண் பிள்ளைகள் மிகச் சிலரே இருந்ததும் வெளிப்பட்டன. அவர் திட்டமிட்ட மாவட்டப் பள்ளிகளும் தாசில் பள்ளிகளும் அவருடைய மறைவுக்குப் பின் தழைக்கவில்லை.

ஆட்சியைப் பற்றிய அவருடைய எண்ணங்களில் இரு முகங்கள் உள்ளன. அயலார் ஆட்சியும் கட்டற்ற பத்திரிகைச் சுதந்திரமும் ஒன்றாக நிலைக்க மாட்டா என்று 1822-இல் வாதிட்டு அச்சகங்களின் மேல் கட்டுப்பாட்டை விரும்பியவர் அவர். அவரே 1824-ஆம் ஆண்டுக் குறிப்பில், ஒரு நாட்டின் மக்களை எல்லா உயர்பதவிகளிலிருந்தும் விலக்கி வைப்பது அவர்களுடைய குணத்தையே கெடுக்கும் என்றும், இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆளும் தகுதி பெறும் நாள் வரும்போது ஆங்கிலேயர் விலகிக்கொள்வதே முறை என்றும் எழுதினார். அவர் காலத்து அதிகாரிகளில் இதை இத்தனை வெளிப்படையாக அரசின் ஆவணத்திலேயே பதித்தவர்கள் மிகச் சிலர். ஆயினும் அந்த நாளைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. தம் தந்தையின் வாணிகத்தை அழித்த வர்ஜீனியர்கள் அந்தக் கேள்வியை எவரிடமும் கேளாமலே தீர்த்துக்கொண்டதை அவர் இளமையில் கண்டிருந்தும் எழவில்லை.

பதவி விலக விரும்பி அடுத்த ஆளுநரின் வருகையை எதிர்நோக்கியிருந்த காலத்தில், பழைய நினைவுகள் ஈர்க்க, 1827-இல் அவர் மீண்டும் இராயலசீமைக்குப் பயணமானார்; ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவுக்கு இரையாகி, குத்தியில் அடக்கம் செய்யப்பட்டார்; 1831-இல் அவருடைய எச்சம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பொதுமக்கள் தந்த பணத்தில் பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த, அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்த சிலை 1839-இல் சென்னைத் தீவுத்திடலில் நிறுவப்பட்டு, இன்றும் அங்கேயே நிற்கிறது. இராயலசீமை மக்கள் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தனர். மந்திராலயத்தில் இராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்து பேசியதாகவும், திருமலையில் அவர் நேர்ந்துகொண்ட பொங்கல் இன்றும் ஒரு கங்காளத்தில் படைக்கப்படுவதாகவும் கதைகள் வழங்குகின்றன. செங்கற்பட்டுச் சீமையில் மன்றோவைப் பற்றி இத்தகைய கதை ஏதும் வேர்விடவில்லை. மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமரை நேரில் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டர் லயோனல் பிளேஸ்தான் இந்தச் சீமையின் கதையில் நுழைந்த ஆங்கிலேயர். ஏரியை நம்பி வாழ்ந்த மக்கள் ஏரிக் கரையைக் கட்டியவரை நினைவில் வைத்ததும், சங்கிலியை நம்பி வந்த முறைக்கு அத்தகைய நன்றியைக் காட்டாததும் இயல்பே.

ஆயினும் நிலைத்தது அந்த முறை. ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டின் கணக்கும், ஆண்டுதோறும் ஊர்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியும் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தன. இன்று வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில் வட்ட அலுவலகங்களில் நடக்கின்றன. மன்றோ தம் கட்டமைப்பின் அடித்தளமாகக் கொண்டிருந்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் தமிழக அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்து, எந்தச் சாதியினரும் தேர்வு எழுதி வரக்கூடிய கிராம நிர்வாக அலுவலரை அவ்விடத்தில் அமர்த்தியது. மிராசுதாரரின் உறவினரே மிராசுதாரரின் கணக்கை எழுதும் நிலை அதோடு முடிந்தது. மாங்காட்டின் நன்செய்கள் பூந்தமல்லியிலிருந்தும் போரூரிலிருந்தும் வளர்ந்துவந்த நகரத்துக்குள் அடங்கி, ஊர் 2021-இல் நகராட்சியாயிற்று. காணி என்ற பழைய அளவு 57,600 சதுர அடி. அதை 24-ஆல் வகுத்த 2,400 சதுர அடிக் கிரவுண்டுதான் இன்று மனை விற்பவர் சொல்லும் அளவு. ஒரு காலத்தில் ஊர்ப் பங்கின் பெயராக இருந்த காணி, இருபத்து நான்கு தனித்தனி உடைமையாளர்களின் பெயர்களாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டா எண்ணோடு, வருவாய்த் துறையின் கணினியில் பதிவாகிவருகிறது.